கிளவுட்டா, சொந்தச் சேர்வரா: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் செலவுக் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கத்துக் கடைகள், அரிசி ஆலைகள், கூட்டுறவுச் சங்கங்கள், ரியூட்டரிகள் என்று கணினி வேலைக்குப் போகுமிடமெல்லாம் காதில் விழும் கேள்விகளைப் பதிலோடு திரட்டியிருக்கிறேன். கணக்குக்காக ஒரு டொலரை 300 ரூபா என்றும் ஓர் அலகு மின்சாரத்தை 30 ரூபா என்றும் வைத்திருக்கிறேன். உங்கள் வங்கியும் மின் பட்டியலும் வேறு விலை சொன்னால் அதைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். கருவி விலையும் ஆள் கூலியும் கணக்குக் காட்டுவதற்காக நானே வைத்த தொகைகள். சேர்வர் என்றால் எந்நேரமும் ஓடி மற்றக் கணினிகளுக்குச் சேவை செய்யும் கணினி; கிளவுட் என்றால் அப்படியொன்றை இணையம் வழியாக வாடகைக்கு எடுப்பது. கிளவுட் விலைகள் அந்தந்தக் கம்பனிகள் அறிவித்தவை. அவையும் அவ்வப்போது மாறும்.

சுத்தி வளைக்காமல் சொல்லுங்கோ, எது மலிவு?

வெளியாட்கள் பார்க்கும் இணையத்தளம், ஒன்லைன் பதிவு போன்றவை என்றால் மாத வாடகைக்கு எடுக்கும் சின்ன விபிஎஸ், அதாவது கம்பனியின் பெரிய சேர்வரில் உங்களுக்கென்று பிரித்துத் தரும் ஒரு பங்கு. கவுண்டரில் பில் போடுவது, களஞ்சிய இருப்புப் பார்ப்பது என்றால் கடைக்குள்ளேயே ஒரு சின்னக் கணினி. இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் கூடக் காசு கட்டுகிறார்கள்.

கிளவுட்டில் மாதம் 33 டொலர் என்று போட்டிருக்கு. பில் வரேக்க 46. என்ன நடக்குது?

அந்த 33 இயந்திரத்தின் வாடகை மட்டும். அமேசானின் மும்பை நிலையத்தில் இரண்டு செயலியும் (சிபியு) 4 ஜிபி நினைவகமும் கொண்ட நடுத்தர இயந்திரம் ஒன்று மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ நாலரைச் சதம். மாதத்துக்கு 730 மணித்தியாலம் என்றால் 33 டொலர் சரிதான். 100 ஜிபி டிஸ்க் அதற்குள் இல்லை. அது தனியாக 9 டொலர் அளவில் வரும். இணையத்தில் உங்கள் இயந்திரத்தைக் கண்டுபிடிக்க உதவும் பொது ஐபி முகவரியும் தனி. 2024 பெப்ரவரி 1 முதல் அமேசான் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு அரைச் சதம் அறவிடுகிறது, மாதம் 3.65 டொலர். கூட்டிப் பாருங்கள், 46 வந்துவிடும். பக்கப்பும் (பாதுகாப்புப் பிரதி) வெளியே போகும் டேட்டாவும் இன்னும் கணக்கில் ஏறவில்லை.

46 டொலர் என்றால் 13,800 ரூபா. மூன்று வருடத்துக்கு ஐந்து லட்சம். ஆனால் அந்த அளவு இயந்திரம் உங்களுக்கு எதற்கு? டிஜிட்டல்ஓஷன் போன்ற இடங்களில் மாதம் 6 டொலருக்கு 1 ஜிபி நினைவகமும் 25 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க்கும் 1 டிபி, அதாவது 1,000 ஜிபி, டேட்டாவும் கிடைக்கிறது. ஒரு சங்கத்தின் இணையத்தளம், ஒரு விடுதியின் அறைப் பதிவு எல்லாம் அதில் தாராளமாக ஓடும். மூன்று வருடத்துக்கு 64,800 ரூபாதான்.

ஏற்கெனவே பெரிய இயந்திரம் எடுத்திருந்தால் நிருவாகப் பக்கத்தில் செயலிப் பாவனை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். மாதம் முழுக்க 3, 4 வீதத்தில் கோடு படுத்திருந்தால் அளவைக் குறைக்கலாம். ஆலைக்காரர் சிலர் "காலபோக அறுவடை நேரம் நெல் குவியும், அப்ப தாங்க வேணுமே" என்று பெரியதை வாங்குகிறார்கள். ஒரு நாளில் ஆயிரம் தராசுச் சீட்டு எழுதினாலும் கணினிக்கு அது வேலையே இல்லை. வேர்ப்பது சாக்குத் தூக்குகிற ஆளுக்குத்தான்.

சொந்தமா ஒருக்கா வாங்கினால் முடிஞ்சுது தானே அண்ணை?

வாங்கும் நாளில்தான் செலவு தொடங்குகிறது. ஒன்றரை லட்சத்துக்கு ஒரு நல்ல கணினியும் இரண்டாவது டிஸ்க்கும் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். 60 வாட் இழுத்தால் மாதம் 43 அலகு, 1,300 ரூபா. மூன்று வருடத்துக்கு 47,000. யுபிஎஸ்ஸுக்கும் ஒருமுறை பற்றரி மாற்றுவதற்கும் 50,000. ஆக இரண்டரை லட்சத்துக்குள் அடங்குகிறது, 46 டொலர்க் கிளவுட்டில் பாதி. இந்த இடத்தில் பெரும்பாலானோர் பேனையை வைத்துவிடுகிறார்கள்.

அடுத்த வரியில் ஆள் கூலி வர வேண்டும். மாதம் பத்தாயிரம் கொடுத்து ஒருவரைப் பார்க்கச் சொன்னால் மூன்று வருடத்துக்கு 3,60,000. பெட்டியின் விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மொத்தம் ஆறு லட்சத்தைத் தாண்டிவிடும். கிளவுட்டிலும் ஆள் தேவைதான், மென்பொருளைப் புதுப்பிக்கவும் பக்கப்பைச் சோதிக்கவும். ஆனால் டிஸ்க் பழுதானால் ஓடிவர வேண்டியதில்லை என்பதால் கூலி பாதியாகலாம். அப்படிப் போட்டால் 46 டொலர் இயந்திரம் கூலியோடு ஆறே முக்கால் லட்சத்துக்கு வருகிறது, 6 டொலர் விபிஎஸ் இரண்டரை லட்சத்துக்கு.

"கூலியா? எங்கட பொடியன் பார்ப்பான்" என்பார்கள். பொடியன் வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ அறிவியல் நகரிலோ படிப்பை முடித்துக் கொழும்புக்கோ கட்டாருக்கோ போவான். கடவுச்சொல்லும் அவனோடு போகும். சொந்தக்காரர் சும்மா செய்கிற வேலைக்கும் ஒரு விலை போட்டுத்தான் கணக்கை மூட வேண்டும்.

கொழும்பில கழிச்ச ரக் சேர்வர் மலிவா வருதே, வாங்கலாமோ?

வேண்டாம். வங்கிகளும் கம்பனிகளும் கழித்துவிடும், இரும்புச் சட்டத்தில் அடுக்கும் அந்தத் தட்டைப் பெட்டிகள் சும்மா இருக்கும்போதே 150 வாட் அளவில் இழுக்கும். மாதம் 108 அலகு, 3,240 ரூபா. மூன்று வருடத்தில் மின்சாரத்துக்கே 1,16,000க்கு மேல். 15 வாட்டில் ஓடும் ஒரு மினி பிசிக்கு அதே மாதத்தில் 324 ரூபாதான். சின்ன விசிறிகள் போடும் இரைச்சலில் பக்கத்தில் இருந்து கணக்கு எழுதவும் முடியாது. படிப்பதற்கும் பழகுவதற்கும் வாங்கினால் சரி, நானே ஆள் பிடித்துத் தருவேன்.

ஏசி போடாட்டில் வெடிச்சிடுமோ?

வெடிக்காது. பெரும்பாலான சேர்வர்களுக்கு உள்ளே இழுக்கும் காற்று 35 பாகை செல்சியஸ் வரை இருக்கலாம் என்று தயாரிப்பாளர்களே எழுதியிருக்கிறார்கள். சித்திரை மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே பூட்டி வைத்த அறை அதைச் சுலபமாகத் தாண்டும் என்பதுதான் சிக்கல்.

100 வாட் கணினி விடும் சூட்டை வெளியேற்ற நல்ல ஏசிக்கு 30, 35 வாட் போதும். ஆனால் ஏசி அந்தச் சூட்டை மட்டும் பிரித்தெடுப்பதில்லை. தகரத்திலிருந்தும் மேற்குச் சுவரிலிருந்தும் இறங்குகிற வெக்கை முழுவதையும் சேர்த்து இழுக்கிறது. ஆகவே ஏசியின் மின்சாரம் சேர்வரின் மின்சாரத்தைப் போலப் பல மடங்காகப் போகும். ஏசிக்குக் காசு கொடுப்பதைவிட, குறைய வாட் இழுக்கும் பெட்டியை வாங்கி, சீலிங் அடித்த அறையில், நிலத்திலிருந்து உயர்த்தி, இரண்டு பக்கமும் காற்றோடும்படி வையுங்கள்.

அரிசி ஆலையில் சூட்டைவிட உமித்தூசுதான் எமன். விசிறி உறிஞ்சி, வெப்பம் கடத்தும் அலுமினியத் தகடுகளுக்கிடையில் நார் விரிப்பு மாதிரி அடைத்துக்கொள்ளும். உரித்தால் ஒரு துண்டாகவே வரும். விசிறியே இல்லாத கணினிகள் விற்கின்றன. ஆலைக்கு அவைதான் சரி.

போன மாரியில் மின்னலுக்கு எல்லாம் போச்சு. கிளவுட்டுக்குப் போனால் தப்பலாமோ?

டேட்டா தப்பும். ரவுட்டரும் பில் போடும் கணினியும் தப்பாது. அதனால் மின்னல் காப்புச் செலவைக் கிளவுட் மிச்சப்படுத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் கிளம்பும் இடிமுழக்கத்துக்குப் பிளக்கைக் கழற்றி வைக்கிற பழக்கம் எல்லாருக்கும் இருக்கிறது. கழற்றாமல் விடுவது மற்ற வயர்களை. மின்னல் தொலைபேசிச் செப்புக் கம்பி வழியாகவும் வரும். அதைவிட மோசம், அலுவலகத்திலிருந்து களஞ்சியம் வரைக்கும் முற்றத்துக்கு மேலால் இழுத்த நெற்வேர்க் கேபிள். முப்பது நாற்பது மீற்றர் செப்பு வெளியில் தொங்கினால், மின்னல் நேரே அதில் விழ வேண்டியதில்லை. பக்கத்துப் பனையில் விழுந்தாலே கேபிளில் மின்னழுத்தம் எழுந்து இரண்டு முனையிலும் உள்ள பெட்டிகளை எரித்துவிடும். இரண்டு கட்டடத்துக்கு இடையில் மின் கடத்தாத ஃபைபர் கேபிள் இழுங்கள். இரண்டு முனையிலும் செப்பை ஃபைபராக மாற்றும் சின்னப் பெட்டிகள் வேண்டும். அவ்வளவுதான் கூடுதல் செலவு, ஒரு சுவிச் எரிந்தால் போகும் காசுக்குள் அடங்கும்.

எர்த் கம்பியையும் பாருங்கள். ஆடி, ஆவணியில் நிலம் காய்ந்து வெடிக்கும் இடங்களில் மேலோட்டமாக அடித்த கம்பி பேருக்குத்தான் எர்த். மண் காயக் காய அதன் மின்தடை ஏறும். ஈரம் தங்கும் ஆழம் வரை கம்பி இறங்க வேண்டும். மின்னல் காப்புக் கருவி எவ்வளவு விலைக்கு வாங்கினாலும், எர்த் சரியில்லை என்றால் அது சுவரில் தொங்கும் அலங்காரம்.

யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும்?

கடைகளில் பொதுவாக விற்கும் சின்ன யுபிஎஸ்ஸுக்குள் ஒரு 12 வோல்ட், 7 அம்பியர் மணி பற்றரி இருக்கும். 100 வாட் சுமையில் கால் மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினியை ஒழுங்காக அணைக்கவோ ஜெனரேட்டரைத் தொடக்கவோ போதும். ஆனால் 25 பாகைக்கு மேலே ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈய அமிலப் பற்றரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். பெட்டியில் நாலு வருடம் என்று போட்டிருந்தால் நம்முடைய வெக்கைக்கு இரண்டு. அதைக் கணக்கில் எழுதி வையுங்கள்.

2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை மின் உபநிலையத்தில் குரங்கு புகுந்ததால் என்று அமைச்சர் சொன்னாரே, நாடு முழுக்கக் கரண்ட் போன நாள்? அப்படிப்பட்ட நாளுக்கு எந்தச் சின்ன யுபிஎஸ்ஸும் காணாது. மினி பிசி 15 வாட்தான் என்பதால், வீட்டு வெளிச்சத்துக்குப் போட்ட சூரியத் தகடும் பெரிய பற்றரியும் அதை இரவிரவாக ஓட்டும். ஜெனரேட்டரும் சோலாரும் பழகிய ஊர் இது, இந்த விசயத்தில் கொழும்பாரைவிட நமக்கு அனுபவம் அதிகம்.

லைன் போனால் பில் போட ஏலாமல் நிக்கிறம். இதுக்கு என்ன செலவு?

இதுதான் கிளவுட் விலைப்பட்டியலில் எங்கேயும் இல்லாத செலவு. ஏ9 வீதியோரத்தில் எங்கோ கிடங்கு வெட்டி ஃபைபர் அறுந்தால், முழுதும் கிளவுட்டில் இருக்கும் கடை அந்த நேரம் மூடிய கடை. ஒரு மணித்தியாலம் பில் போடாமல் நின்றால் எவ்வளவு போகும் என்று முதலாளிக்குத் தெரியும். அந்தத் தொகையை மாதத்துக்கு எத்தனை மணித்தியாலம் லைன் போகிறதோ அதனால் பெருக்குங்கள். பதில் சில ஆயிரம் என்றால் இரண்டாவது கம்பனியின் 4ஜி சிம் ஒன்றை மாற்று வழியாக ரவுட்டரில் போட்டுவிட்டால் போதும். அதைவிடப் பெரிது என்றால் பில் போடும் மென்பொருள் கடைக்குள்ளேயே ஓட வேண்டும்; இரவில் ஒரு பிரதி வெளியே போகட்டும்.

ஒட்டுசுட்டான், துணுக்காய், மடு பக்கம் உள்ளவர்களுக்கு நான் வேறு பேச்சே பேசுவதில்லை: கவுண்டர் உள்ளே, இணையத்தளம் வெளியே.

கடைச் சேர்வரை வீட்டில இருந்து பார்க்க ஏலாமல் கிடக்கு. காசு கட்ட வேணுமோ?

4ஜி இணைப்பில் பெரும்பாலும் உங்களுக்கென்று பொது ஐபி முகவரி கிடைக்காது. பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருப்பதால் வெளியிலிருந்து வருகிற அழைப்புக்கு உங்கள் கடையைத் தெரியாது. நிலையான ஐபி கேட்டால் மாதக் கட்டணம். சிறிய பாவனைக்கு டெயில்ஸ்கேல், கிளவுட்ஃபிளேர் டனல் போன்றவை இலவசம். கடைக் கணினியே வெளிப்பக்கமாக ஒரு தொடர்பைத் திறந்து வைத்திருக்கும், நீங்கள் அதன் வழியாக உள்ளே வருவீர்கள். ரவுட்டரில் துவாரம் திறப்பதைவிட இது பாதுகாப்பும்கூட.

ரியூட்டரி வீடியோக்களை எங்கே வைப்பது மலிவு?

இந்த ஒரு விசயத்தில்தான் கிளவுட் பில் ஆளைக் கவிழ்க்கும். டேட்டா உள்ளே போவதற்குக் காசில்லை. வெளியே வருவதற்குத்தான் காசு. அமேசானில் மாதம் முதல் 100 ஜிபி இலவசம், அதற்கு மேல் மும்பையிலிருந்து ஒவ்வொரு ஜிபிக்கும் ஏறத்தாழ 11 சதம்.

ஒரு மணித்தியால வகுப்பு அரை ஜிபி. 200 பிள்ளைகள் மாதம் எட்டு வகுப்புப் பார்த்தால் 800 ஜிபி வெளியே போகிறது. இலவசம் போக 700 ஜிபிக்கு 77 டொலர், 23,000 ரூபா. பரீட்சைக்கு முந்திய மாதம் பிள்ளைகள் எல்லாவற்றையும் திரும்பப் பார்ப்பார்கள். அந்த மாதத்துப் பில்லை நீங்களே ஊகிக்கலாம். முன்பு சொன்ன 6 டொலர் விபிஎஸ்ஸில் 1 டிபி வாடகைக்குள்ளேயே அடங்கியிருப்பதால் அதே 800 ஜிபிக்கு மேலதிகம் எதுவுமில்லை. 25 ஜிபி டிஸ்க்கில் ஐம்பது வகுப்புக்கூட அடங்காது என்பதால் டிஸ்க்குக்கு மட்டும் கொஞ்சம் கூடக் கட்ட வேண்டும். களவாகப் பகிர்வார்கள் என்ற பயம் பெரிதாக இல்லை என்றால், யூடியூப்பில் பட்டியலிடாத வீடியோவாகப் போட்டு இணைப்பைக் கொடுங்கள். செலவு பூச்சியம்.

கடைச் சேர்வரிலிருந்து 200 பிள்ளைகளுக்கு வீடியோ அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். வீட்டு ஃபைபர்ப் பொதிகளில் மேலே ஏற்றும் வேகம், இறக்கும் வேகத்தைவிட மிகக் குறைவு. மாலை ஆறு மணிக்கு ஐம்பது பேர் ஒன்றாகத் திறந்தால் எல்லாருக்கும் வட்டம் சுற்றும்.

டொலர் ஏறினால்?

பில்லும் ஏறும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சமாக இருந்த டொலர், மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. 9,200 ரூபா கட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பைட்டும் கூடப் பாவிக்காமல் 16,000 கட்ட வேண்டி வந்தது. சொந்தச் சேர்வரும் டொலரில்தான் வருகிறது, ஆனால் அந்த அடியை ஒருமுறைதான் வாங்குவீர்கள்.

அதற்காகச் சொந்தச் சேர்வர்க்காரர் அந்த வருடம் நிம்மதியாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. ரூபாவில் பில் தரும் உள்நாட்டு ஹோஸ்டிங் கம்பனிகளும் உண்டு. விலை சற்றுக் கூட இருந்தாலும், வரவு செலவுத் திட்டத்தை வருடத் தொடக்கத்திலேயே பொதுச்சபைக்குக் காட்ட வேண்டிய சங்கங்களுக்கு அது வசதி.

அமெரிக்கக் கம்பனிகளே கிளவுட்டை விட்டு ஓடுதாம். நாங்கள் ஏன் போக வேணும்?

ஓடியவர்களில் அதிகம் பேசப்படுவது பேஸ்கேம்ப் என்ற அலுவலக வேலைத்திட்ட மென்பொருளை நடத்தும் 37சிக்னல்ஸ். 2022இல் அவர்களுடைய கிளவுட் செலவு 32 லட்சம் டொலர். ஏறத்தாழ ஏழு லட்சம் டொலருக்கு டெல் சேர்வர்கள் வாங்கி வெளியேறினார்கள், ஐந்து வருடத்தில் 70 லட்சம் டொலர் மிச்சம் என்று முதலில் மதிப்பிட்டார்கள். இணையத்தில் கோப்புச் சேமிக்கும் ட்ரொப்பொக்ஸ் அதற்கு முன்பே வெளியேறி, இரண்டு வருடத்தில் 7.46 கோடி டொலர் செலவு குறைந்ததாக 2018 பங்குச்சந்தை ஆவணத்தில் காட்டியது.

இரண்டும் உண்மை. ஆனால் அவர்கள் சேர்வரைக் கடைக்குப் பின்னறையில் வைக்கவில்லை. 37சிக்னல்ஸ் வாங்கிய பெட்டிகள் வாடகைக்கு எடுத்த டேட்டா சென்டர்களில் இருக்கின்றன. பார்த்துக்கொள்ளும் ஆட்கள் ஏற்கெனவே சம்பளப் பட்டியலில் இருந்தார்கள், வெளியேறியதற்காகப் புதிதாக ஆள் எடுக்கவில்லை. வேலைப் பளுவும் நாளுக்கு நாள் ஒரே மாதிரி. இந்த மூன்றும் உங்களிடம் இருந்தால் நீங்களும் கணக்குப் பார்க்கலாம்.

சேர்வரைக் கொழும்பு டேட்டா சென்டரில் கொண்டுபோய் வைத்தால்?

வங்கிக்கும் வைத்தியசாலைக்கும் சரி. கிளிநொச்சியிலிருந்து போக முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். டிஸ்க் மாற்ற ஒருமுறை போய்வரும் செலவில் விபிஎஸ் சில மாதம் ஓடும்.

சென்னை கிட்டத்தானே, அங்கே எடுத்தால் வேகமோ?

வரைபடத்தில் கிட்ட. ஆனால் கடலடிக் கேபிள்கள் கரையேறுவது தெற்கிலும் மேற்கிலும். 2006இல் இந்தியாவுக்குப் போட்ட பாரத் லங்கா கேபிளும் தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் இடையில்தான் இருந்தது. முல்லைத்தீவுக் கரையில் நின்றுகொண்டு சென்னைச் சேர்வரைத் திறந்தால் உங்கள் கேள்வி கொழும்புக்கு இறங்கித்தான் கடல் தாண்டும். இந்தியாவோ சிங்கப்பூரோ, சாதாரண இணையத்தளத்துக்கு வித்தியாசம் தெரியாது. விலையைப் பார்த்து எடுங்கள். மும்பையிலிருந்து வெளியேறும் டேட்டா சிங்கப்பூரைவிடச் சற்று மலிவு.

பக்கப்புக்கும் காசு ஒதுக்க வேணுமோ?

2009இல் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் பெட்டியோடு போன குடும்பங்கள் இங்கே எத்தனை. ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைப்பதன் விலையை வன்னிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. சேர்வர் எங்கே இருந்தாலும் இன்னொரு பிரதி வேறு கூரைக்குக் கீழே இருக்க வேண்டும்.

செலவு பெரிதில்லை. மலிவான கிளவுட் சேமிப்பகங்களில் 1 டிபிக்கு மாதம் 6, 7 டொலர். 500 ஜிபி என்றால் ஆயிரம் ரூபா அளவு. முதல் ஏற்றம்தான் பொறுமையைச் சோதிக்கும். 20 எம்பிபிஎஸ் ஏற்று வேகத்தில் 500 ஜிபி ஏற 55 மணித்தியாலத்துக்கு மேல். வெள்ளி பின்னேரம் தொடங்கி விடுங்கள். பிறகு ஒவ்வொரு இரவும் மாறியது மட்டும் போகும்.

பில் எக்கச்சக்கமா ஏறாமல் இருக்க?

கணக்குத் திறந்த அன்றே வரவுசெலவு எச்சரிக்கையைப் போடுங்கள். அது மின்னஞ்சல் மட்டுந்தான் அனுப்பும், இயந்திரத்தை நிறுத்தாது. கணக்கைத் திறக்கும் இரகசியச் சாவிகளை எல்லாரும் பார்க்கக்கூடிய நிரல் களஞ்சியத்தில் விட்டால், யாரோ உங்கள் காசில் கிரிப்டோ அகழ்வார்கள். தொகை நிலையாக உள்ள விபிஎஸ்ஸில் இந்தப் பயம் குறைவு, சின்ன இடங்களுக்கு அதைச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாடிக்கையாளர் விபரங்களை வெளிநாட்டில் வைக்கலாமோ?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் நீங்களும் வருவீர்கள்; அதில் எந்தெந்தப் பகுதி நடைமுறைக்கு வந்திருக்கிறது என்று பாருங்கள். சேர்வர் எந்த நாட்டில் இருந்தாலும் பொறுப்பு உங்களுடையது. அரச நிறுவனம் என்றால் முதலில் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

கனடாவில் இருக்கிற மருமகன் தன்ர கார்ட்டில கட்டுறார். பரவாயில்லையோ?

காசைப் பொறுத்தவரை நல்லது. ரூபா விழுந்தாலும் உங்களுக்குத் தெரியாது. ஆனால் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் திறந்திருக்கிறது, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எண் யாருடைய தொலைபேசிக்குப் போகிறது என்று பாருங்கள். கார்ட் காலாவதியானால் கம்பனி எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பும், சில கிழமைகளில் சேவையை நிறுத்தும், அதன்பின் டேட்டாவை அழிக்கும். அந்த மின்னஞ்சல் ரொறன்ரோவில் யாரும் திறக்காத ஒரு பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும். டொமைன் பெயரும் (உங்கள் இணையத்தள முகவரி) அதே கணக்கில் இருந்தால் இரட்டை இடி.

கார்ட் அவருடையதாக இருக்கட்டும். கணக்கைச் சங்கத்தின் அல்லது கடையின் மின்னஞ்சலில் திறந்து, கட்டண அறிவித்தல்கள் குறைந்தது இரண்டு பேருக்குப் போகும்படி செய்யுங்கள். டொமைனை ஒரே தடவையில் சில வருடங்களுக்குப் புதுப்பித்து, முடியும் திகதியைக் காசாளரின் மேசைக்கு மேலே தொங்கும் கலண்டரில் எழுதச் சொல்லுங்கள்.